கெடாமல் கொண்டு வரவும்

காலை ஒன்பது மணி ஐம்பத்திரண்டு நிமிடம். இவ்வளவு துல்லியமாக நேரம் சொல்கிறேனே என்று சிரிக்காதீர்கள். வந்த நேரத்தைக் குறிக்காமல் எந்த மாதிரியையும் வாங்கக் கூடாது என்று உங்களுக்கும் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருப்பார்கள். அன்றைய சீட்டில் வரவேற்பு மேசைக்குப் புதிதாக வந்திருந்த சுமதியின் கையெழுத்தில் 9.52 என்று இருக்கிறது. அந்த நிமிடத்தில்தான் தலைக்கவசத்தைக் கழற்றாத ஒரு மனிதர் எங்கள் ஆய்வகத்துக்குள் வந்து, ஒரு சின்ன எவர்சில்வர் தூக்கை மேசையில் வைத்துவிட்டு, வந்த வேகத்திலேயே வெளியே ஓடினார்.

தூக்குக்குள்ளிருந்த பிளாஸ்டிக் டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு சுமதி என் அறைக்கு வந்தாள்.

"அக்கா, ஹெல்மெட்டு ஒண்ணு வந்து குடுத்துட்டுப் போச்சு."

"பேரு?"

"முருகன்னு சீட்டுல இருக்குது. ஆனா முருகா முருகான்னு மூணு தடவ கூப்ட்டேன், திரும்பவே இல்ல."

நான் வியப்படையவில்லை. செஞ்சி பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் இருக்கும் அந்த ஆய்வகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். கழுத்து எலும்பு இனிமேல் குனிய மாட்டேன் என்று சொன்ன பிறகுதான் வெளியே வந்தேன். அத்தனை ஆண்டுகளில் விந்துப் பரிசோதனைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் முருகன், மீதிப் பேர் குமார். உள்ளே இருப்பது ஒரு பெண் என்று தெரிந்ததும் எதிர்ப் பக்கத்துத் தேநீர்க் கடையில் போய் உட்கார்ந்து, நான் சாப்பாட்டுக்கு எழுந்து போகும் வரை காத்திருந்த முருகன்களும் உண்டு. அவர்களுக்காகவே நான் சில நாள் பன்னிரண்டரைக்கே பசிப்பது போல் நடித்திருக்கிறேன்.

டப்பாவை வாங்கினேன். ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்தேன். நுண்ணோக்கியில் குனிந்தேன்.

எண்ணிக்கையில் குறை ஒன்றும் இல்லை. சந்தைக்கூட்டம் போல இருந்தது. ஆனால் ஒன்றுகூட அசையவில்லை. வால் துடிக்கவில்லை, தலை திரும்பவில்லை. ஸ்லைடை நகர்த்தினேன். அங்கேயும் அப்படியே. பேருந்துக்கு நின்ற கூட்டம் மொத்தமும் நின்ற இடத்திலேயே தூங்கிப்போனது மாதிரி ஒரு காட்சி.

பாவம், யார் பெற்ற முருகனோ என்று நினைத்துக்கொண்டு, பதிவேட்டில் பென்சிலால் எழுதினேன்: அசைவு – இல்லை.

இந்த ஒரு வரியைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். நான் எதையும் தவறாகப் பார்க்கவில்லை. பார்த்ததைத்தான் எழுதினேன். ஆனாலும் அது தவறு.

பென்சிலை வைப்பதற்குள் சுமதி மறுபடியும் வந்தாள். இந்த முறை தூக்கோடு. "அக்கா, இது நல்ல சாமானா இருக்குது. மறந்துட்டுப் போயிட்டாரு. பேரு கூட வெட்டியிருக்குது பாருங்க. பொண்டாட்டி பேரு போல."

பார்த்தேன். தூக்கின் வயிற்றில், யார் கண்ணுக்கும் தப்பாத இடத்தில், புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது: கி. கயல்விழி.

என் மகள்.

கல்யாணத்துக்கு முன்பு பாத்திரக் கடையில் பக்கத்திலேயே நின்று பெயர் வெட்டச் சொன்னது நான்தான். அடியில் வெட்டினால் போதுமே என்றார் கடைக்காரர். அதெல்லாம் கூடாது, பார்த்ததும் தெரிய வேண்டும், புகுந்த வீட்டில் யாருடைய சாமானோடும் கலந்துவிடக் கூடாது என்று அடம்பிடித்தேன். கலக்கவில்லை. மிகச் சரியாக என் கைக்கே வந்து சேர்ந்துவிட்டது.

ஆக, நுண்ணோக்கியில் இருந்தது முருகன் அல்ல, என் மாப்பிள்ளை. அவலூர்பேட்டைக்காரர். நான் ஒரு அறைக்குள் வந்தால் எழுந்து நின்று, நான் உட்கார்ந்த பிறகும் உட்காராத மனிதர். இரண்டரை ஆண்டுகளில் என்னிடம் அவர் பேசிய மொத்தப் பேச்சையும் ஒரு அஞ்சலட்டையில் எழுதிவிடலாம். மாமியார் எதையெல்லாம் பார்க்கக் கூடாது என்று யாரும் பட்டியல் போட்டு வைத்ததில்லை. போட்டிருந்தால் முதல் வரியில் இதுதான் இருந்திருக்கும்.

முதலில் எனக்கு வந்தது பயம் அல்ல. வெட்கத்தோடு சொல்கிறேன், சந்தோஷம்.

காரணம் இருந்தது. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை சம்பந்தியம்மா தொலைபேசியில் பேசியிருந்தார். "உங்க பொண்ணு கிட்டதான் ஏதோ கோளாறு இருக்குதுங்க. ஆடிக்கு உங்க ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. எப்ப வரணும்னு அப்புறம் சொல்றோம்." அந்த 'அப்புறம்' என்றைக்கு என்று ஒரு வாரமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி இரண்டரை ஆண்டு கழித்து ஆடிக்கு ஏது அழைப்பு? போகும்போது பெட்டி எவ்வளவு பெரியது என்பதுதான் கேள்வி. இப்போது நுண்ணோக்கி சொல்கிறது, கோளாறு என் மகளிடம் இல்லை. பென்சிலில் எழுதியதைப் பேனாவால் எழுத என் கை துடித்தது.

என்னைத் தவிர வேறு யாராவது அந்த மாதிரியைப் பார்க்க வேண்டும் என்ற நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இன்னொரு டெக்னீசியன் ரத்தப் பரிசோதனை முகாமுக்காகப் பனமலை போயிருந்தார். அவர் போனதால்தான் நான் என் விடுப்பை ரத்து செய்திருந்தேன். தளவானூரில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியவள், மேசையில் உட்கார்ந்திருந்தேன். சுற்றுவட்டாரத்தில் இந்தப் பரிசோதனைக்கு வேறு இடமில்லை; அன்று எனக்கு விடுப்பு என்று நம்பித்தான் ஹெல்மெட் வந்திருக்கிறது.

அடுத்து நான் செய்ததை நீங்கள் செய்யவே கூடாது. மகளுக்கு போன் போட்டேன்.

"இன்னாம்மா?"

என்ன சொல்வது? நோயாளியின் விவரத்தை வெளியே சொல்ல முடியாது. வாயில் வந்ததைக் கேட்டேன். "சாப்டியா?"

"மணி பத்தாவுது, இப்பப் போயி சாப்டியான்ற? ஆமா, கல்யாணத்துல இன்னா மேளச் சத்தமே காணோம்?"

"நான் போகலடி. லேப்ல இருக்கறேன்."

மறுமுனையில் ஒரு கோழி கத்துவது மட்டும் கேட்டது. பிறகு மெதுவாக, "அம்மா... இன்னிக்கி அங்க யாராச்சும் வந்தாங்களா?"

"லேபுன்னா நாலு பேரு வருவாங்க, போவாங்க. அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது."

"அய்யோ. மாட்னோம்." அடுத்து அவள் குரல் தாழ்ந்தது. "சரி, நீ ஒண்ணும் சொல்லாத. நான் சொல்றேன், நீ கேளு. அவங்க அம்மாவுக்குத் தெரியாமதான் டெஸ்டுக்கு வந்தாரு. கோளாறு அவரு மேலன்னு வந்துச்சுன்னா என்ன உங்க ஊட்டுக்கே அனுப்பிடுவாராம். 'நீயாச்சும் நல்லா இரு, என்னோட கெடந்து கெட்டுப்போவாத'ன்றாரு. நேத்துலேர்ந்து தியாகி மாதிரி மூஞ்ச வெச்சிகினு சுத்துறாரு. ராத்திரி ரெண்டு தோச சேத்தே துன்னாரு, அது வேற. ஆனா சொன்னா செய்யிற ஆளும்மா. எனக்கு பயமா இருக்குது."

போனை வைத்தேன். சந்தோஷம் எங்கே போனது என்று தெரியவில்லை. கோளாறு மகளிடம் என்றால் மாமியார் அனுப்பிவிடுவார். மாப்பிள்ளையிடம் என்றால் அவரே அனுப்பிவிடுவார். இரண்டு வழியிலும் கடைசி நிறுத்தம் என் வாசல்தான். என் கையில் இருந்த பென்சில் வரியில் தொங்கிக்கொண்டிருந்தது என் பெண்ணின் குடும்பம்.

அப்போது சுமதி வாசலில் நின்று சாதாரணமாகக் கேட்டாள். "அக்கா, இந்த ஐஸ் தண்ணிய ஊத்திட்டு தூக்கக் கழுவி வெக்கட்டா?"

"எந்த ஐஸ்?"

"தூக்கு நெறைய ஐஸ்தான்க்கா. நடுவுல டப்பாவச் சொருவி வெச்சிருந்தாரு. பாக்க குல்பி மாதிரி இருந்துச்சு."

நான் நாற்காலியை விட்டு எழுந்தது நினைவிருக்கிறது. சுமதி பயந்து ஓரடி பின்னால் போனதும் நினைவிருக்கிறது. டப்பாவைத் தொட்டபோது சில்லென்றுதான் இருந்தது. ஏசி அறையில் எல்லாமே சில்லென்றுதானே இருக்கும் என்று விட்டிருந்தேன்.

இங்கே கொஞ்சம் பாடம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

விந்தணுவுக்குத் தலை, வால் இரண்டையும்தான் எல்லோரும் பார்ப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் கழுத்து மாதிரி ஒரு துண்டு இருக்கிறது. குச்சியில் கதம்பத்தைச் சுற்றியது போல அதைச் சுற்றிச் சுருளாக இருப்பவைதான் மைட்டோகாண்ட்ரியா. வால் துடிக்க வேண்டிய சக்தியை அங்கேதான் காய்ச்சுகிறார்கள். வாலும் சும்மா இருப்பதில்லை, தன் பங்குக்குச் சர்க்கரையை எரித்துக் கொஞ்சம் சக்தி எடுத்துக்கொள்கிறது. இதில் யார் பங்கு எவ்வளவு என்று படித்தவர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள், நாம் நடுவில் போக வேண்டாம். நமக்கு வேண்டியது ஒன்றுதான். இந்த அடுப்புகள் எல்லாம் உடம்புச் சூட்டில் எரிபவை. குளிரில் வைத்தால் அணையாது, தணிந்துவிடும். சக்தி வராது. வால் நிற்கும். நிற்பது வேறு, சாவது வேறு. நுண்ணோக்கியில் இரண்டும் ஒன்று போலத் தெரியும் என்பதுதான் நம் தொழிலின் பொல்லாத்தனம்.

அதைப் பிரிக்க ஒரு சாயம் இருக்கிறது, இயோசின். செத்த அணு அதைக் குடித்துச் சிவந்துவிடும். உயிருள்ளது வாயை மூடிக்கொள்ளும். ஒரு சொட்டுச் சாயம் விட்டுப் பார்த்தேன். சிவந்தவை இருந்தன, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பத்துக்கு ஏழு வெள்ளையாகவே நின்றன. உயிர் இருக்கிறது. ஓட்டம்தான் இல்லை.

சூடுபடுத்திப் பார்க்க வேண்டும். டப்பாவை இன்குபேட்டரில் வைத்துக் கதவைச் சாத்தினேன். சாத்திய சத்தத்தோடு சேர்ந்து கரண்டும் போனது.

"இன்வெர்ட்டர்?" என்றேன்.

"ரெண்டு நாளா ரிப்பேருக்கா. நீங்கதான எழுதி வெச்சீங்க?"

மாதிரியை உடம்புச் சூட்டில் வைக்கச் சொல்லும் தொழில் இது. இன்குபேட்டர் இல்லையென்றால் உடம்பு இருக்கிறது. அதுவரை எத்தனையோ முருகன்களின் டப்பாவை உள்ளங்கையில் பொத்தி வைத்திருக்கிறேன், யோசித்ததே இல்லை. அன்று கை நீளவில்லை. சுமதியிடம் கொடுத்துவிடலாமா என்றுகூடப் பார்த்தேன். அவள் கையில் இருந்த ஐஸ் தண்ணீரைப் பார்த்ததும் அந்த எண்ணத்தை விட்டேன். பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்: சீட்டில் முருகன் என்று எழுதியிருக்கிறது. நீ முருகனைப் பார். கண்ணை மூடிக்கொண்டு டப்பாவை இரண்டு கைக்குள்ளும் வைத்து மூடினேன்.

"இன்னாக்கா, சாமி கும்புடறீங்களா?"

"அப்டியே வெச்சுக்கோ."

கால் மணி நேரம் அப்படி நின்றேன். ஏசி இல்லாத அறை வேகமாகப் புழுங்கியது. அந்தத் தெருவில் கரண்ட் போனதற்காக நான் நன்றி சொன்ன ஒரே நாள் அது. பழைய அலமாரியில் அடியில் கண்ணாடி வைத்த நுண்ணோக்கி ஒன்று இருந்தது. விளக்கு தேவையில்லாதது. அதை ஜன்னலோரம் வைத்து, ராஜகிரி மலைக்கு எதிர்ப்பக்கம் ஏறியிருந்த வெயிலை அந்தக் கண்ணாடியில் பிடித்துத் திருப்பினேன். புதிய சொட்டு, புதிய ஸ்லைடு. குனிந்தேன்.

ஒன்றும் இல்லை. காத்திருந்தேன்.

இடது மூலையில் ஒன்று தலையை லேசாக ஆட்டியது. தூக்கத்தில் புரண்டு படுப்பது போல. என் மூச்சுக் காற்றில் ஆடியிருக்கும் என்று நினைத்தேன். பிறகு அதன் பக்கத்தில் இருந்தது வாலைச் சொடுக்கியது. அடுத்து ஒன்று. ஒன்று வட்டமடித்தது, பழைய ஸ்கூட்டர் உதைத்து உதைத்துக் கிளம்புவது போல. திடீரென்று ஒன்று நேர்க்கோட்டில் புறப்பட்டு, வழியில் இருந்தவர்களை இடித்துக்கொண்டு, கண்வட்டத்தைத் தாண்டியே போய்விட்டது.

"போ! போ!" என்று கத்திவிட்டேன். சுமதி எட்டிப் பார்த்து, "யார வெரட்றீங்க?" என்றாள்.

எல்லாம் எழுந்துவிடவில்லை. ஐஸில் பட்ட அடி சிலவற்றுக்கு மாறவே இல்லை. ஆனால் சந்தை மறுபடியும் கூடியிருந்தது.

அறிக்கையில் கையெழுத்திடும் நோயியல் டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். உனக்குத் தெரிந்தவரா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"எவ்ளோ தெரிஞ்சவரு?"

"தீபாவளிக்கு மோதிரம் போடற அளவுக்கு, டாக்டர்."

அவர் சிரித்து முடிக்க நேரமானது. பிறகு குரல் மாறியது. "ஐஸ்ல வந்த மாதிரிக்கு நம்பர் போடாத. நல்லா இருக்குதுன்னும் எழுதாத, இல்லன்னும் எழுதாத. குளிர்ந்து வந்தது, மறு மாதிரி தேவை, அவ்ளோதான். அடுத்தத நீ பாக்கக் கூடாது."

அந்த இரண்டாவது வாக்கியம்தான் எனக்குத் தேவைப்பட்டது. ஓடியதைப் பார்த்த பிறகு 'நன்று' என்று எழுத என் கை மறுபடியும் துடித்துக்கொண்டிருந்தது. காலையில் 'இல்லை' என்று எழுதத் துடித்த அதே கைதான். ஒரே மணி நேரத்தில் இரண்டு பக்கமும் சாய்ந்த தராசை யார் நம்புவது? பென்சில் வரியை அடித்து, பக்கத்தில் கையெழுத்திட்டு, டாக்டர் சொன்னதை எழுதினேன்.

ஆனால் படித்த மனிதர், பால் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்ப்பவர், எதற்காக ஐஸில் வைத்தார்? சுமதியிடம் கேட்டேன். மாதிரி கொடுக்க வருகிறவர்களுக்கு நாங்கள் தரும் குறிப்புச் சீட்டை அவள் எடுத்து நீட்டினாள். பல ஆண்டுகளுக்கு முன்பு நானே எழுதி அச்சடித்தது. "ஒரு மணி நேரத்துக்குள் கெடாமல் கொண்டு வரவும்."

கெடாமல். தினமும் விடியற்காலையில் பால் அளந்து, மாதிரி எடுத்து, திரிந்துபோகும் முன் குளிரூட்டு நிலையத்துக்கு அனுப்புகிற மனிதரிடம் ஒன்றைக் கெடாமல் கொண்டு வா என்றால் அவர் வேறு என்ன செய்வார்? மறக்காமல் ஐஸ் வாங்கியிருக்கிறார். மூடி இறுக்கமான தூக்காகப் பார்த்து எடுத்திருக்கிறார். இருபது கிலோமீட்டரையும் வண்டியில் குலுங்காமல் ஓட்டியிருக்கிறார். நான் எழுதியதை அவர் அட்சரம் பிசகாமல் செய்தார். தப்பு எழுதியவளிடம் இருந்தது.

சிரிப்போடு முடிந்திருந்தால் இதை உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். தூக்கில் பெயர் வெட்டியிருந்ததால் நான் இரண்டாம் முறை குனிந்தேன். வெட்டாத தூக்கில் வந்த முருகன்கள்? பாலித்தீன் பையில், மஞ்சப்பையில், வண்டிப் பெட்டியில் வந்த குமார்கள்? 'அசைவு – இல்லை' என்று பேனாவால் எழுதி அனுப்பியவர்களிடம், இது எப்படி வந்தது என்று எத்தனை முறை கேட்டேன்? டாக்டரின் அனுமதியோடு அந்த ஆண்டுப் பதிவேட்டைப் புரட்டி, 'இல்லை' வாங்கிய எல்லோரையும் மறு பரிசோதனைக்கு அழைத்தோம். பாதி போன் எண்கள் உபயோகத்தில் இல்லை. இரண்டு பேர் வந்தார்கள். ஒருவருக்கு முடிவு மாறவில்லை. இன்னொருவருக்கு மாறியது. அந்த இன்னொருவர் சுமதியிடம் முடிவை வாங்கிக்கொண்டு வாசலில் ரொம்ப நேரம் நின்றார். நான் வெளியே போகவில்லை. போக முகம் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டுகளின் பதிவேடுகள் எங்கே என்று என்னிடம் கேட்காதீர்கள். இன்றும் ஒரு சின்னத் தூக்கைப் பார்த்தால் என் உள்ளங்கை சில்லிடுகிறது.

குறிப்புச் சீட்டை மாற்றினேன். இப்போது உங்கள் மேசையில் இருப்பது அதுதான்: "சட்டையின் உள்பையில், உடம்போடு ஒட்டினாற்போல் வைத்துக் கொண்டு வரவும். ஐஸ் கூடாது." முதல் சீட்டு, மறு மாதிரி கேட்ட அறிக்கையோடு முருகனுக்குத்தான் போனது. மாதிரி வாங்கும் சீட்டில் 'எப்படி வந்தது' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதையும் தயவுசெய்து காலியாக விடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சம்பந்தியம்மாவிடம் சொல்ல முடியாததால். இவ்வளவு பாடுபட்டு ஓடுகிற விந்தணு தன் மைட்டோகாண்ட்ரியாவைக் குழந்தைக்குக் கொடுப்பதில்லை. கருமுட்டைக்குள் போனதும் அவை அழிந்துவிடும். பிள்ளையின் உடம்பு முழுக்க எரிகிற அடுப்புகள் அம்மா கொடுத்தவை. அப்பா வீட்டு வண்டி வாசல் வரைக்கும்தான். "எங்க வம்சம்" என்று சம்பந்தியம்மா ஆரம்பிக்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொண்டு காபி ஆற்றுகிறேன்.

நான்கு நாள் கழித்து, காலை ஒன்பதரை மணி. நுண்ணோக்கியின் முன்னால் பனமலையிலிருந்து திரும்பிய டெக்னீசியன் உட்கார்ந்திருந்தார். நான் டாக்டர் சொன்னபடி வெளியே, சுமதியின் மேசைக்குப் பக்கத்தில் இருந்தேன். வாசலில் வண்டி நின்றது. படியேறி வந்தவர் தலையில் ஹெல்மெட் இல்லை. வலது கை சட்டையின் நெஞ்சுப் பக்கத்தை அழுத்திப் பிடித்திருந்தது. வெளியே வண்டியின் அருகில் கயல் நின்று, என்னைப் பார்க்காத மாதிரி முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"வாங்க மாப்ள," என்றேன். வேறு என்ன சொல்ல?

"வரேன் அத்த." அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அம்மாகிட்ட சொல்லிட்டேன். டெஸ்டு நானுந்தான் பண்ணிக்கறேன், ரிசல்ட்டு இன்னா வந்தாலும் சரி, ஆடிக்கு யாரும் எங்கயும் போகலன்னு."

சுமதி பேனாவை எடுத்தாள். "பேரு?"

முருகன் அல்லாத தன் சொந்தப் பெயரை முழுசாகச் சொன்னார். அவள் நேரத்தைக் குறித்தாள். அடுத்த கட்டத்தில் பேனாவை வைத்து, "எப்படி கொண்டாந்தீங்க?" என்று கேட்டாள்.

அவர் உள்பையிலிருந்து டப்பாவை எடுத்து, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார். பிறகு முதல் முறையாகத் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இந்தத் தடவ பால் மாதிரி கொண்டாரல அத்த. கொழந்த மாதிரி கொண்டாந்தேன்."